கழித்த திருஷ்டி எங்கே போகும்?

போன வெள்ளிக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. எங்கள் ஷார்ஜா பில்டிங்கின் வாட்ச்மேன், இந்தியில் அவசரமாகக் கீழே கூப்பிட்டார்.

"சார், ஜல்தி நீச்சே ஆவோ. பார்க்கிங் மே ப்ராப்ளம்."

முந்தின நாள்தான் புது கார் வந்திருந்தது. எவனோ இடித்துவிட்டானா? லிஃப்ட் பேஸ்மென்ட்டைத் தொடுவதற்குள் பம்பர், கண்ணாடி, கதவு என்று மனதுக்குள் எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டேன்.

கார் அப்படியே இருந்தது. பக்கத்து காரின் ஓனர்தான் அப்படியே இல்லை. எகிப்துக்காரர், பெயர் அபு கரீம். லிஃப்டில் பார்த்தால் சிரித்து சலாம் சொல்லும் மனிதர். இப்போது முகம் வெளுத்துப்போய், தரையை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

தரையில்... குங்குமம் அப்பிய அரை எலுமிச்சம்பழம். சரியாக அவருடைய முன் சக்கரத்துக்குப் பக்கத்தில்.

உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? முந்தின நாள் ராத்திரி புது காருக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய பழங்களை நானும் என் மனைவி வசந்தியும் பெருக்கி அள்ளிவிட்டோம். சுற்றி எறிந்ததை மட்டும் தொடவில்லை. திருஷ்டி கழித்ததைப் போய் யாராவது கையால் எடுப்பார்களா?

வாட்ச்மேன் என் காதருகே வந்தார். "ஜாதூ போல்தா ஹை, சார். போலீஸ் கோ புலாயேகா."

ஜாதூ. சூனியம்! அபு கரீம் போலீஸைக் கூப்பிடப்போகிறாராம். சூனியம் வைப்பது இங்கே குற்றம். கேஸ் என்று ஆனால் வேலை போகும், விசா போகும். மகள் ப்ளஸ் டூ... பரீட்சைக்கு நடுவில் அவளை எந்த ஊர் ஸ்கூலில் சேர்ப்பேன்?

இத்தனைக்கும் நான் எப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைப் பேர்வழி தெரியுமா? நம்மூர் எலெக்‌ஷனைக்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசுவேன். ஃபேமிலி குரூப்பில் சித்தப்பா மதத்தைப் பற்றி எதையாவது ஃபார்வர்டு செய்தால் படிக்காமலே டெலீட். அப்படிப்பட்டவன் அரை எலுமிச்சம்பழத்தில் மாட்டினேன்.

பின்னாலேயே இறங்கி வந்த வசந்தி என்னைத்தான் முதலில் பிடித்தாள். "துபாய் கோயிலுக்குப் போயி பண்ணலாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். நீங்கதானே டிராஃபிக்கு, டிராஃபிக்குன்னீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்?"

அபு கரீம் என் பக்கம் திரும்பினார். அவரும் நானும் பேசுவது ஆங்கிலத்தில். "என் மேல் உங்களுக்கு என்ன கோபம்? என் குழந்தைகள் இந்தக் காரில்தான் போகிறார்கள்."

அவர் குரல் நடுங்கியது. அப்போதுதான் புரிந்தது, பயந்து நிற்பது நான் மட்டும் இல்லை. எனக்கு போலீஸ் பயம், அவருக்கு என்னைக் கண்டு பயம்!

எப்படி விளக்குவது? அவர் கார்க் கண்ணாடியில் நீலக் கண் மணி ஒன்று தொங்கியது. அதைக் காட்டினேன். "இதே காரணம்தான் சார். கண் படக்கூடாது என்று."

"ஐன்?" என்றார். அரபியில் கண். நான் வேகமாகத் தலையாட்டினேன்.

அவர் தோள் தளர்ந்தது. போனை எடுத்து என் கண்முன்னாலேயே போட்டோவை அழித்தார். வசந்தி டிஷ்யூ பேப்பரால் பழத்தை எடுத்தாள். அப்பாடா, கலாஸ், எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சுவிட்டபோது அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு சந்தேகம். உங்கள் காரிலிருந்து எடுத்த கண் இந்தப் பழத்தில்தானே இருந்தது? அதை ஏன் என் பக்கம் எறிந்தீர்கள்?"

ஊரில் என்றால் முச்சந்தியில் எறிவோம், யார் தலையில் விடியும் என்று யார் கேட்டார்கள்? இங்கே முச்சந்தி ஏது? எல்லா இடத்துக்கும் நம்பர் போட்டு ஒரு ஆள் இருக்கிறார்.

"ஒன்றும் ஆகாது சார்," என்றேன். "இன்ஷா அல்லா," என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்றிலிருந்து தினமும் காலையில் பேஸ்மென்ட்டுக்குப் போனதும் அவருடைய காரைத்தான் முதலில் சுற்றிப் பார்க்கிறேன், கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று. என் கார் தூசி படிந்து கிடக்கிறது. சாமியிடம் வேண்டிக்கொள்வதெல்லாம் அபு கரீம் காருக்குத்தான்!