மைனருக்கு ஒரு சாவி

மலைப்பக்கம் சுற்றிக் காட்டிய கையோடு என் நாத்தனாரை நானுஓயா ஸ்டேஷனில் கொழும்பு ரயில் ஏற்றிவிட்டு வெளியே வந்தபோதுதான் எங்கள் பழைய மொரிஸ் மைனரின் சாவி தொலைந்தது தெரிந்தது. என் கணவர் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்தார். பிளாட்பாரம், தண்டவாளம், தேநீர் குடித்த கடை என்று எங்கும் தேடினோம். நாத்தனாருக்கு போன் போட்டால், ரயில் வட்டவளையில் நிற்கிறது, பைகளையெல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டேன், இல்லை என்றாள்.

காரின் கதவைப் பூட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் உள்ளே ஏற முடிந்தது. அங்கே நின்ற வேன் டிரைவர் ஒருவர் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு இரண்டு வயர்களை முறுக்கிவிட்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். வண்டி கிளம்பியது. ஹட்டன் வீடுவரை அப்படியே வந்து சேர்ந்தோம்.

கார் திருத்தும் கராஜ் பாஸ், "சாவி இல்லாம சாவி வெட்ட முடியாதுங்க டீச்சர். லொறி சுவிட்ச் ஒண்ணு பூட்டிடுவோம்" என்றார். அதற்கு டாஷ்போர்டில் புதிதாக ஓட்டை போட வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து சாவித் துவாரத்தைச் சுற்றியிருந்த அழுக்கைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பித்தளை தெரிந்தது, அதில் பொடி எழுத்தில் FS 912 என்று இருந்தது. இத்தனை வருஷம் அந்த வண்டியை ஓட்டியும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு டின் நிறையக் கிடந்த பழைய சாவிகளைக் கிளறிப் பார்த்தார். 912 இல்லை.

"அந்தக் காலத்துல ஒவ்வொரு காருக்கும் தனிச்சாவி செய்யல டீச்சர். கொஞ்சம் நம்பர்தான். அதையே காரு, வேனுனு எல்லாத்துக்கும் மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. இதே நம்பர் வண்டி இன்னொண்ணு எங்கேயாவது ஓடும். அந்தச் சாவியக் கொண்டாங்க, நான் வெட்டித் தாரேன்."

நான் கணக்கு டீச்சர். இந்தச் சேதி என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்ற பழைய கார்களின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். "ஆளுங்க என்ன நினைப்பாங்க?" என்று என் கணவர் சங்கடப்பட்டார். நான் விடவில்லை.

கடைசியில் நோர்வூட்டில், பாண் விற்கும் ஒரு பழைய ஆஸ்டின் வேனில் அந்த எண்ணைப் பார்த்தேன். வேனுக்குச் சொந்தக்காரி ஒரு பேக்கரிக்காரம்மா. தானே பாண் சுட்டு, தானே தேயிலைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விற்பவர். நான் சொன்னதைக் கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் சாவி எப்படிங்க ஒங்க காருக்குச் சேரும்?"

"அதத்தான் நானும் பாக்கணும்னு சொல்றேன்."

சாவியைக் கையில் தர அவர் சம்மதிக்கவில்லை. மறுநாள் தானே வேனை ஓட்டிக்கொண்டு ஹட்டனில் நானாவின் கடை வாசலுக்கு வந்தார். எங்கள் காரை அங்கே கொண்டுவந்து, வயர்களைப் பாஸ் முன்போல மாட்டி வைத்திருந்தார். அந்தம்மா எங்கள் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டுத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. குமிழை இழுத்ததும் எஞ்சின் உறுமியது. நான் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டிவிட்டேன்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப ஒங்களுக்கு வெட்டுற சாவி என் வேனையும் எடுக்குமா?"

நானா அங்கேயே சாவி வெட்டிக் கொடுத்ததும், அதை வேனில் போட்டுப் பார்த்தோம். எடுத்தது. அந்தம்மா உடனே பாஸைக் கூப்பிட்டு, வேனில் மறைவாக ஒரு கள்ள சுவிட்ச் பூட்டச் சொன்னார். சாவி இருந்தாலும் அதைத் தட்டாமல் வண்டி கிளம்பாது. அது எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கக் கூடாது என்பதற்காக என்னைக் கடைக்கு உள்ளே அனுப்பினார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவருக்கும் என்மேல் இருந்த சந்தேகம் நீடிக்கவில்லை. போன வாரம் போன் வந்தது. பொகவந்தலாவையில் பாண் கொடுக்கப் போன இடத்தில் ஒரு பழைய கார் நின்றதாம்.

"கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன் டீச்சர். 913! ஒரே ஒரு நம்பர்தான் தள்ளிப் போச்சு. காருக்குச் சொந்தக்காரரு என்னைய ஒரு மாதிரியா பாத்தாரு. ஒங்க பைத்தியம் எனக்கும் புடிச்சிருச்சு போல."