நோகாமல் பேசும் றஞ்சிதம்

றஞ்சிதத்தின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டவர் அந்தக் கரையில் ஒருவருமில்லை. மீனவர் சங்கக் கந்தோரில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். மீனுக்குப் போடும் ஐஸ் முழுதாக முடிந்துபோன நாளிலும் "கொஞ்சம் பிந்தும் போல கிடக்கு" என்றுதான் சொல்லுவாள். முகத்தை முறிக்காத பிள்ளை என்று ஊரே மெச்சியது. மெச்சியே கெடுத்தது என்றும் சொல்லலாம்.

கார்த்திகை மாதத்துக் காலை அது. விடிந்தும் வெளிச்சம் ஏறவில்லை. காகங்கள் கரையில் இறங்காமல் கோயில் கூரையிலேயே கூடியிருந்தன. எட்டு மணிக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது: மத்தியானம் புயல், ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. றஞ்சிதம் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஐஸ் எடுக்கப் படகுக்கார லோறன்ஸ் வந்தார். பொல்லாத முன்கோபி, கடலைப் பற்றி அவருக்குப் புத்தி சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. போகாதேங்கோ என்று கட்டளையிட றஞ்சிதத்துக்கு நாக்குக் கூசியது.

"அண்ணை, மத்தியானம் காத்துக் கொஞ்சம் மாறும் எண்டு சொல்லுகினம். பாத்துச் செய்யுங்கோ."

"ஓம் பிள்ளை. அப்ப இப்பவே கடலுக்குப் போட்டு வெள்ளன வாறன்."

அவர் வாசலைத் தாண்டிவிட்டார். கடலுக்குப் புறப்பட்டவரைப் பின்னால் கூப்பிடுவது அங்கே பெரிய பிழை. ஏதும் நடந்தால் கூப்பிட்டவர் தலையில்தான் பழி விழும். திறந்த வாயை றஞ்சிதம் மூடிக்கொண்டாள். கரையில் யாராவது மறிப்பார்கள் என்று தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள். பாவி, செய்தி தெரிந்தவள் அவள் ஒருத்திதானே!

கூரைத் தகரம் ஒருமுறை படபடத்து அடங்கியது. அதற்குமேல் அவளால் இருக்க முடியவில்லை. செருப்பும் போடாமல் ஓடினாள்.

படகு எட்டிப் பிடிக்க முடியாத தூரம் போய்விட்டிருந்தது.

"லோறன்ஸ் அண்ணை, போகாதேங்கோ! புயல் வருது! திரும்பி வாங்கோ!"

இதைத்தான் கந்தோரில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எஞ்சின் இரைச்சல் அவ்வளவையும் விழுங்கிவிட்டது. அவள் கையை ஆட்டுவதைக் கண்ட லோறன்ஸ், வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

அவருடைய மனைவி பெற்றிசியா பக்கத்தில் வந்து நின்றாள். அவர் மறந்துவிட்டுப் போன கைபேசி அவள் கையில் இருந்தது. தூரத்தில் கடல் கறுத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இவர் கந்தோருக்கு வந்தவரெல்லோ? போகவேண்டாம் எண்டு சொன்னனீங்களோ?"

"காத்து..." என்று தொடங்கினாள் றஞ்சிதம். பெற்றிசியா அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"இல்லை" என்றாள் றஞ்சிதம்.