பள்ளத்தில் சிங்கம் எழுப்பிய ஜரினா

ஜரினா போய்விட்டார் என்ற செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. என் பட்டறையில் கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் மெஷின் ஒரு கட்டிலின் தலைமாட்டை இரைச்சலோடு செதுக்கிக்கொண்டிருந்தது. கூனிமேட்டிலிருந்து அவர் தம்பி ரஃபீக் போனில் பேசினார். "அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." இரைச்சலில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதுமாயிருந்தது. புயலுக்கும் நிற்காத அந்த மெஷினை ஒரு விரலால் நிறுத்தினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் வேண்டாம். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மரக்காணம் முதல் புதுச்சேரி வரை கடற்கரைச் சாலையில் பார்க்கத் தகுந்த கதவு எங்கேனும் இருந்தால், அதை முதலில் கம்ப்யூட்டர் திரையில் கண்டவர் ஜரினா. செதுக்கியது மெஷின். பெயர் வாங்கிக்கொண்டது, பட்டறை முதலாளியாகிய நான்.

எட்டு வருஷத்துக்கு முன் வேலை கேட்டு வந்தார். அதுவரை ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தவர். அவர் கையால் தொப்பை கரைந்த மாப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் திண்டிவனம் வரை நீளும். நானோ அப்போது மரவேலை உலகின் சக்கரவர்த்தி என்ற நினைப்பில் இருந்தேன். செதுக்கினால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிக் காட்டும் பிரிவ்யூவில் ஒரு மயிலைத் திறந்து, தேக்கு நிறத்தில் தோகை விரிந்து நிற்பதைக் காட்டி, "எப்படி?" என்றேன்.

"வெளிச்சம் எங்கேர்ந்து வருதுங்கண்ணே?"

"கம்ப்யூட்டர்லேர்ந்து."

"அது இல்லங்க. மயிலு மேல விழற வெளிச்சம். இடது பக்கம் மேல் மூலையிலேர்ந்து வருது. யார் வீட்டுல சூரியன் அந்த மூலையிலயே குந்திக்கிட்டு இருக்குது?"

பிறகு திரையின் ஓரத்தில் ஒரு சின்ன உருண்டையைப் பிடித்து இழுத்தார். வெளிச்சம் நகர்ந்தது, மயில் முகம் மாறியது. அந்த சாஃப்ட்வேரை இரண்டு வருஷமாக ஆண்டுவந்த எனக்கு, அந்த உருண்டை இழுபடும் என்பதே அன்றுதான் தெரியும்.

அன்றிலிருந்து வாடிக்கையாளர் யார் வந்தாலும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க மாட்டப் போறீங்க?" சிலர் முறைத்தார்கள். பூஜை அறைக் கதவு முழுக்கத் தாமரை கேட்டு வந்த ஒருவரிடம் இதைக் கேட்டபோது, எதிர்ச் சுவரில் டியூப் லைட் இருப்பதாகச் சொன்னார். ஜரினா வெளிச்சத்தை நேர் எதிரே கொண்டுவந்தார். அத்தனை தாமரையும் அப்பளமாகப் படுத்துக்கொண்டன. வந்தவர் முகமும்தான். "பிரிவ்யூ பொய் சொல்லாதுண்ணே. நாமதான் கேக்க வேண்டியத கேக்கறதில்ல" என்பார் என்னிடம்.

இனி தனசேகர் வீட்டுக் கதவு. தனசேகர் உப்பளத்துக்காரர். அளத்தின் கரையிலேயே கிழக்குப் பார்த்து வீடு கட்டினார். பெருமுக்கல் பக்கம் அவர் அப்பா வைத்த தேக்கு காற்றில் சாய்ந்திருந்தது. அதில் ஒரே ஒரு கதவு தேறியது. அதில் சிங்க முகம் வேண்டும் என்றார். தவறினால் இன்னொரு மரம் கிடையாது.

ஜரினா அந்த வீட்டு வாசலில் காலை முதல் மதியம் வரை நின்றுவிட்டு வந்தார்.

"போர்டிகோ கூரை வானத்து வெளிச்சத்த மறைக்குதுண்ணே. எதிர்ல பாத்தி பாத்தியா உப்பு. பத்து மணிக்கு மேல வெளிச்சம் பூரா தரையிலேர்ந்துதான் மேல அடிக்குது."

உருண்டையைக் கீழே இழுத்தார். திரையில் புடைத்திருந்த சிங்கத்தின் மூக்கு குழியாகத் தெரிந்தது. "மேடா செதுக்கினா பள்ளமாத் தெரியும். அப்ப பள்ளமா செதுக்கினா மேடாத் தெரியணுமில்ல?" சிங்கத்தைத் தலைகீழாக்காமல், உள்வெளியாகப் புரட்டினார். கீழ் வெளிச்சத்தில் அது புடைத்துக்கொண்டு வந்தது. தனசேகர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். என் கண் நம்பியது, வயிறு நம்பவில்லை.

"தப்பாப் போனா?"

"இந்த நாற்காலியிலேர்ந்து எழுந்து போயிடறேண்ணே. நீங்க மறுபடியும் மயிலே செதுக்குங்க."

செதுக்கி முடிந்ததும் தனசேகர் பட்டறைக்கு வந்தார். தலைக்கு மேல் டியூப் லைட். கதவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய குழி.

"ஏம்பா, சிங்கம் கேட்டா பல்லாங்குழி தோண்டி வெச்சிருக்கீங்க. எங்கப்பா வெச்ச மரம்யா அது."

அந்தமானுக்குத் தோணி கிடைக்குமா என்று நான் மனத்துக்குள் விசாரித்துக்கொண்டிருந்தேன். ஜரினா அசையவில்லை. "மாட்டிட்டுப் பாருங்க. பத்து மணிக்கு."

"பத்து மணிக்கு என்னா, சிங்கம் டிபன் சாப்ட்டு வருதா?"

"வரும்ங்க."

மறுநாள் காலையில் மாட்டினோம். எட்டு மணிக்கு வெயில் நேராக அடித்தது. குழி குழியாகவே இருந்தது. உப்பு வாரும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒன்பதரைக்கு வெயில் கூரைக்கு மேலே ஏறியது. கதவு நிழலுக்குள் போனது. அப்புறம் எதிரே அளம் முழுவதும் கண் கூசப் பற்றிக்கொண்டது. கதவிலிருந்து சிங்கம் தலையை நீட்டியது.

பொய் சொன்னால் என் மீசை உதிரட்டும். தனசேகர் இடது பக்கம் நடந்தார். அது அவர் பக்கம் திரும்பியது. வலது பக்கம் நடந்தார், கூடவே வந்தது. மூக்கைத் தொடக் கை நீட்டினார். விரல் உள்ளே போயிற்று, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். ஓர் அம்மா இடுப்பில் கைவைத்துச் சொன்னார்: "எங்கள நீங்க மேய்ச்சீங்க. இப்ப உங்கள மேய்க்க ஒண்ணு வந்துடுச்சு பாருங்க." முதலில் சிரித்தவர் தனசேகர்தான். அந்தச் சிரிப்பில் ஐந்து கிலோமீட்டருக்குக் கொக்குகள் எழும்பின. நான் மூவேந்தரையும் ஒருசேர வென்றவன்போல் நின்றேன். வென்றவரோ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் உள்ள போயிடும்ங்க. அதுவும் தூங்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

ஜரினாவை அடக்கம் செய்த அன்று தனசேகர் வந்திருந்தார். உப்பளத்துப் பெண்கள் ஜரினா வீட்டுத் தெருமுனை வரை வந்து நின்றார்கள்.

ஜரினாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, வெளிச்சம் பார்த்து நிற்பது. போன வாரம் குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதிச் சுவருக்கு மரத்தில் பூங்கொடி வேலைப்பாடு கேட்டார்கள். வரைபடம் எதையும் திறக்காமல், அந்த வெறுஞ்சுவருக்கு முன் ஏழு மணி முதல் ஒரு மணி வரை நின்றேன். விடுதிக்காரர் இரண்டு முறை வந்து பார்த்தார். மூன்றாம் முறை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மெதுவாக, "சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லியே? நீங்கதானே முதலாளி?" என்றார்.

"இல்லங்க. நான் ஜரினா கிட்ட வேலை பார்த்தவன்" என்றேன்.