பின் கியருக்கு ஓர் அங்குலம்

ஷெரோனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்ற விஷயம் நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதிக்குள் கத்தோலிக்கத் தமிழ்ப் பங்கிலுள்ள நாற்பது குடும்பங்களுக்கும் தெரிந்துவிட்டது. மன்னார் பேசாலையில் பத்தொன்பது வயதிலேயே மாமாவின் மீன் ஏற்றும் வானை ஓட்டித் திரிந்தவள் அவள் என்பது அதில் மூன்று குடும்பங்களுக்கு முன்பே தெரியும். அந்த மூன்றும் வாய் திறக்கவில்லை.

ஆதாரம் காதால் கேட்கக்கூடியதாக இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோவில் வாசலில் நின்று கதைக்கும் நேரத்தில்தான் அவள் காரைப் பின்னுக்கு எடுக்க வேண்டியிருக்கும். இருபது வயது ஜப்பான் கார். பின் கியர் விழும்போது, கருங்கல்லை இரும்பு வாளியில் போட்டுக் கிண்டியது போல "கர்ர்ர்" என்று ஒரு சத்தம் எழும். கதைத்துக்கொண்டு நின்றவர்கள் கதையை நிறுத்திப் பார்ப்பார்கள். பிறகு அவளைப் பற்றிக் கதைப்பார்கள்.

காரைக் கொடுத்தவர் கணவனின் அண்ணன் அருமைநாதன். தனக்குக் கிளச் இல்லாத புது ஜீப் ஒன்று எடுத்தபோது பழையதைத் தம்பி குடும்பத்துக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்றால் திறப்பை, வெறும் சாவியை, கொடுத்தார். பதிவு அவர் பெயரிலேயே இருந்தது. பெருந்தன்மையைப் பாதி தூரத்தில் நிறுத்தி வைப்பது நம் குடும்பங்களில் ஒரு நிர்வாக முறை.

"பிள்ளை, கிளச்சை அடிமட்டும் அமத்தோணும்," என்றார் அவர், ஒரு ஞாயிறு, எல்லோருக்கும் கேட்கும்படியாக.

"அடிமட்டும்தான் அத்தான் அமத்துறன்."

"அமத்தினா ஏன் அரைக்குது?"

நல்ல கேள்விதான். அவர் அதைப் பதில் வேண்டிக் கேட்கவில்லை. கதவைத் திறந்து, அவளை இறக்கி, தானே ஏறி உட்கார்ந்தார். நூற்றுப் பத்துக் கிலோ. பனிச் சப்பாத்துக் காலால் கிளச்சை ஓங்கி மிதித்தார். பின் கியர் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

"பாத்தியளே?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் பார்த்தது.

ஷெரோனின் கணவன் றெனோல்ட் சண்டை பிடிக்காதவன். பார்க்-எக்ஸ்டென்ஷனில் கராஜ் வைத்திருக்கும் யோசெப்பிடம் காரைக் கொண்டுபோனான். யோசெப் அருமைநாதனுக்குச் சற்றும் குறையாத உடம்புக்காரன். கியர் ஒருமுறைகூட அரைக்காமல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பக்கத்தில் நின்ற ஷெரோனைத் தாண்டி றெனோல்டிடம் சொன்னான்.

"கியர்பொக்ஸ் நல்லா இருக்கு மச்சான். தங்கச்சி கிளச்சை அரைவாசி அமத்திப்போட்டுக் கியரைத் தள்ளுறா போல."

"தங்கச்சி இஞ்சதான் நிக்கிறன் அண்ணை," என்றாள் ஷெரோன். "என்னட்டையும் சொல்லலாம்."

யோசெப் சிரித்தான், அதையும் றெனோல்டைப் பார்த்தே சிரித்தான்.

அடுத்த நாள் அருமைநாதன் போன் எடுத்துக் கதைத்தார். வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு திறப்பைத் திருப்பித் தரச்சொன்னார். கியர்பொக்ஸ் உடைய முதல் காரை வித்துப்போட வேணுமாம். ஷெரோன் பஸ்ஸில் போகலாம்தானே என்றார்.

பஸ்ஸில் போகலாம்தான். அவள் வேலை செய்வது டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் கட்டடத்தில். ஆறு வருடம் தட்டு அடுக்கியவளை, காலை நான்கரை மணி அணிக்குப் பொறுப்பாக வரச்சொல்லி இப்போதுதான் கேட்டிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: நேரத்துக்கு வர வேண்டும். வீடு இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து அந்த வேளையில் இரண்டு பஸ் மாற வேண்டும். ஒன்று பிந்தினால் வேலை வேறு ஆளுக்குப் போகும்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் காருக்குள் போய் உட்கார்ந்தாள். கையில் போன், அதில் காரின் கைநூல். பக்கத்து இருக்கையில் தையல் நாடா.

முதலில் எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டாள். ஐந்தும் விழுந்தன, பின் கியரும் விழுந்தது, சத்தமே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு மறுபடி போட்டாள். பின் கியர் அரைத்தது. முதலாவது முரண்டு பிடித்தது. இரண்டாவதும் முனகியது. ஒரு கியர் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் பல்லில் தேய்வு. எல்லாம் அரைத்தால் குற்றம் பல்லில் இல்லை. கிளச் எஞ்சினை முழுதாக விடவில்லை, உள்ளே இன்னும் சுழல்கிறது என்று அர்த்தம். குளிரில் ஒயில் தடித்துவிட்டது என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஒரு மணித்தியாலம் ஓடிச் சூடான பிறகும் அரைப்பதை அவள் கவனித்திருந்தாள். ஆக, குளிர் இல்லை. கிளச் எண்ணெயும் சரியான கோட்டில் நின்றது.

நாற்பது குடும்பம் சொன்னது சரி. கிளச் அடிவரை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் மிச்சம்.

குனிந்து அளந்தாள். மிதி ஐந்தரை அங்குலம் இறங்க வேண்டும் என்றது கைநூல். நாடா நாலரை என்றது.

ஓர் அங்குலத்தை யாரோ எடுத்திருக்கிறார்கள். பனிக்காலத்து ரப்பர் விரிப்பை அவள் இழுத்துப் பார்த்தாள். நாலு மூலையிலும் ஒட்டுநாடா. உரித்துத் தூக்கினாள். உள்ளே நாலாக மடித்த சிவப்புக் கம்பளம்.

அவளுக்கு உடனே விளங்கியது. நவம்பரில் கோவிலில் பீடத்தடிக் கம்பளத்தை மாற்றினார்கள். பழையதை வெட்டி, விரும்பிய குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அதே கிழமைதான் அருமைநாதன் இந்தக் காருக்குப் பனி டயர் மாற்றிக் கொடுத்தார். விபத்து வராமலிருக்கத் தன் பங்குத் துண்டை உள்ளே வைத்திருக்கிறார். கால் படக்கூடாதென்று விரிப்புக்கு மேலே வைக்காமல் கீழே வைத்திருக்கிறார். அவருடைய நூற்றுப் பத்துக் கிலோவுக்குக் கம்பளம் வழிவிட்டது. அவளுடைய நாற்பத்தெட்டுக்கு விடவில்லை.

அவள் அதை எடுக்கவில்லை. விரிப்பைத் திரும்ப அப்படியே ஒட்டினாள்.

ஞாயிறு பூசை முடிந்தது. அருமைநாதன் வாசலில் நின்று கையை நீட்டினார்.

"திறப்பு."

"தாறன் அத்தான். அதுக்கு முதல் சுவாமி காரை ஒருக்கா ஓடிப் பாக்கட்டும்."

பூசை வைத்த பங்குச் சுவாமி ஒல்லியான மனிதர். ஊரில் பதினைந்து வருடம் கிளச் ஜீப் ஓட்டியவர். சந்தோஷமாக ஏறினார். கிளச்சை அமத்திப் பின் கியரைத் தள்ளினார். கர்ர்ர்.

வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குளிர்தானே," என்றார் ஒருவர்.

"பழைய கார்," என்றார் இன்னொருவர்.

"இன்னொருக்காப் போடுங்கோ சுவாமி." கர்ர்ர்.

சுவாமிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் அவளுக்குச் சொல்லப்பட்ட வசனம் அது. அன்று அந்த வசனம் கூட்டத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஷெரோன் சுவாமியை இறக்கிவிட்டுக் குனிந்தாள். விரிப்பை உரித்தாள். கம்பளத்தை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி காரின் மேல் வைத்தாள்.

"ஐயோ, பீடத்துக் கம்பளம்!" என்று ஓடிவந்தார் அருமைநாதன். "மிதிக்கக் கூடாதெண்டுதான் கீழ வச்சனான்!"

"கிளச்சுக்கு இறங்க இடமில்லை அத்தான். நீங்கள் பாரம், அமத்த அமுங்குது. அந்தப் பாரத்துக்கு நானும் சுவாமியும் எங்க போறது?" என்றவள் ஏறி, எஞ்சினைப் போட்டு, பின் கியரைத் தள்ளினாள். விழுந்தது. ஐந்து முறை போட்டாள். ஐந்து முறையும் சத்தமில்லை.

அருமைநாதன் கம்பளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "அதுதான் இவ்வளவு நாளும் ஒண்டும் உடையேல்லை," என்றார்.

பத்துப் பதினைந்து தலைகள் ஆடின. இரண்டு மாதம் கியரை அரைத்த பொருள், கியரைக் காத்த பொருளாக மாற அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. அதற்கு ஒரு தையல் நாடாவும் தேவைப்படவில்லை.

"அப்ப உங்கட ஜீப்பில வையுங்கோ," என்றாள் ஷெரோன். "அதில கிளச் இல்லை."

யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள்.

"சரி, சரி. திறப்பை நீயே வச்சிரு," என்றார் அவர் பெரிய மனதோடு.

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு அத்தான். ரெண்டுபேரும் போய்ப் பதிவை என்ர பேருக்கு மாத்துவம்."

"ஏன், எங்களுக்குள்ள என்ன பதிவு?"

றெனோல்ட் தொண்டையைச் செருமினான். பதினாலு வருடக் கல்யாணத்தில் அண்ணனுக்கு எதிராக அவன் எழுப்பிய முதல் சத்தம் அது.

"மாத்திக் குடுங்கோ அண்ணை," என்றான்.

செவ்வாய் காலை பத்தரை மணிக்கு, பதிவு அலுவலகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் யார் வாங்குகிறார் என்று பிரெஞ்சில் கேட்டாள். அருமைநாதன் வழக்கப்படி தம்பியைத் தேடினார். தம்பி வேலைக்குப் போயிருந்தான்.

"நான்தான்," என்றாள் ஷெரோன்.