கான்கிரீட்டை நிறுத்தியவர்

ஸ்டெல்லா மேடம் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் உறையூரில் ஒரு கட்டடத்தின் மாடியில் நின்றிருந்தேன். பிளம்பர் சலீம் பாய்தான் போனில் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் நாம் கட்டிய யாத்ரிகர் விடுதிக்கு அவர்தான் மாடல் ஒருங்கிணைப்பாளர். தூண், குழாய், ஒயர் எல்லாம் ஒரே கணினி மாடலில் ஏற வேண்டும், அதைப் பார்த்துத்தான் வேலை நடக்க வேண்டும் என்பதில் விடாப்பிடி. திங்கட்கிழமைதோறும் நம் எல்லோரையும் ஒரே திரைக்கு முன் உட்காரவைப்பார். "குழாயும் பீமும் திரையில இடிச்சா மவுஸ் போதும், சுவத்துல இடிச்சா சுத்தியல்தான்" என்பார். அவருக்கு 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்று பெயர் வைத்தவன், தூணும் பீமும் வரையும் இன்ஜினீயரான நான்தான்.

மொட்டைமாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள், அங்கே வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ரெடிமிக்ஸ் லாரிகள் தெருவை அடைத்து நின்றன. நேரம் போகப்போகக் கலவை வீணாகிவிடும். டேப்லெட்டும் கையுமாகக் கம்பிகளைப் பார்த்துவந்த மேடம் என்னைத் தனியே அழைத்தார்.

"பாய் தண்ணித் தொட்டிய இந்தப் பக்கம் மாத்தியிருக்காரு. அந்த எடையத் தாங்குற பீம் மட்டும் ஏன் பழைய அளவுலயே இருக்கு?"

பீமைப் பெரிதாக்கி வரைந்திருந்தேன், என் லேப்டாப்பில். பொது மாடலில் ஏற்றவில்லை. அதை அவரிடம் மட்டும் சொன்னேன். அந்தப் பீமுக்குக் கீழேதான் யாத்ரிகர்கள் படுக்கும் அறைகள்.

கான்ட்ராக்டர் பாய்ந்து வந்தார். "யாரு தப்பு இது? மாடல் உங்க பொறுப்புதானே மேடம்?"

"என் பொறுப்புதான். லாரியத் திருப்பி அனுப்புங்க."

அத்தனை பேர் முன்னால் அவர் திட்டு வாங்கினார். நான் குனிந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கியதும் சொன்னார்: "இப்ப உங்களத் துரத்திட்டா பீம யாரு சரி பண்றது? மொதல்ல அத முடிங்க. அப்புறம் நீங்களே உண்மையச் சொல்லிடுங்க."

பீமைச் சரிசெய்தேன். அடுத்த வாரம் மேடத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் எங்கே பார்த்தாலும் வீட்டில் எல்லோரும் நலமா என்றுதான் கேட்பார், உண்மையைச் சொல்லிவிட்டேனா என்று மட்டும் கேட்கமாட்டார். அவரும் போனபின் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லாமலே இருந்துவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. பயந்தது அதற்குத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு என்னதான் சார் ஆச்சு? கடைசி வரைக்கும் எங்கிட்டகூட அவ சொல்லவே இல்ல."

அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன்: தவறு என்னுடையது. மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, எனக்காக அவர் சுமந்த அந்தப் பழி ஒன்றைத்தான்.