வெளுப்பாக இருக்க வேண்டிய ஸ்லைடு

காலையெல்லாம் மகளிர் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்திவிட்டு, ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குத் திரும்பாமல், ஜூடித் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் பஸ் ஏறத் தொடங்கி ஏழு வருஷமாகிவிட்டது. பகுதிநேர பிஎச்.டி. "பகுதிநேரம்னா மிச்ச நேரம் எங்க?" என்று ஓஸ்வால்ட் கேட்பான். பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்து குக்கர் வைக்கிற கணவன். கேட்க உரிமை உண்டு.

அவள் தேடியது ஒரே ஒரு புரதத்தை. நோயை எதிர்க்கும் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அனுப்பும் இன்டர்லூக்கின். அதற்குச் சூலகத்திலும் வேலை உண்டென்று பலர் எழுதியிருந்தார்கள். வளரும் கருமுட்டைக்குள்ளேயே அது இருக்கிறதா என்பதுதான் அவள் கேள்வி.

சுண்டெலிகளில் ஆரம்பித்தாள். விலங்குக்கூடத்தில் நோய் புகுந்து எலிகள் எல்லாம் போனபிறகு, சனிக்கிழமைதோறும் பிளாஸ்க்கோடு ஆடு அறுக்கும் இடத்துக்குப் போய்ச் செம்மறியின் சூலகங்களை வாங்கிவந்தாள். "க்யா மேடம், கறிய உட்டுட்டு இத எடுத்துனு போனா ஊட்டுக்காரு சும்மா உடுவாரா?" என்று அங்கே கறி வெட்டுகிறவர்கள் சிரிப்பார்கள்.

சூலகத்தை மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, வெள்ளாட்டில் தயாரித்த ஆன்டிபாடியை ஊற்றுவாள். புரதம் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். அதன்மேல் இரண்டாவது ஆன்டிபாடி. இது வெள்ளாட்டு ஆன்டிபாடியைத் தேடிப்பிடித்துப் பழுப்பு நிறம் காட்டும். செம்மறியின் கருமுட்டைகள் அழகாகப் பழுப்பேறின. நாலாம் அத்தியாயமே அதுதான். தட்டச்சும் முடிந்திருந்தது. டிசம்பர் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்.

நவம்பரில் வழிகாட்டி வைத்தீஸ்வரன், ஆய்வேட்டுக்கு ஒரு கண்ட்ரோல் படம் கேட்டார். முதல் ஆன்டிபாடி இல்லாமல், இரண்டாவதை மட்டும் ஊற்றிய ஸ்லைடு. அது பிடிக்க எதுவும் இல்லாததால் வெளுப்பாக இருக்க வேண்டியது. எலியில் அதைச் செய்து பார்த்திருந்தாள். செம்மறியில் செய்ததில்லை. வெளிநாட்டிலிருந்து மாதக்கணக்கில் காத்திருந்து வரும் ஆன்டிபாடிக் குப்பியை, வெளுப்பாகத்தான் வருமென்று தெரிந்த ஸ்லைடுக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் அவள் செய்துவைத்த ஸ்லைடைப் பார்க்க வைத்தீஸ்வரன் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். "நன்னா வந்திருக்கே! கல்யாணத்துக் காபி மாதிரி."

"இது கண்ட்ரோல், சார்."

அவர் கண்ணை எடுக்கவில்லை.

"செம்மறியும் வெள்ளாடும் ரொம்பக் கிட்டத்து ஜாதி, சார். செம்மறியோட ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடியையே ரெண்டாவது பிடிச்சுக்குது. புரதம் இருந்தாலும் இல்லாட்டியும் பழுப்புதான்."

"மார்ச்ல நான் ரிடையர் ஆறேன்" என்றார் அவர், சம்பந்தமில்லாததுபோல். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "எலியோட கண்ட்ரோல் படம் இருக்கே. அதையே போட்டுடலாம். எவன் கேக்கப்போறான்?"

"நானே பாத்துட்டேனே, சார்."

"நாலாம் அத்தியாயத்தை எடுத்தா ஒண்ணும் மிஞ்சாது, ஜூடித். புரியறதா?"

"புரியுது, சார்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எடுத்துடலாம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் அழுதிருக்கலாம்.

வீட்டில் ஓஸ்வால்ட் சாதத்தில் ரசம் ஊற்றிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டான். "ஆட்டுக்கு ஆடு சொந்தம்னு ஒட்டிக்கிச்சா? நம்ம சர்ச்சுல நடக்கிற மாதிரிதான்."

ஜூடித் சிரித்தாள்.

"அப்ப முட்டைக்குள்ள அது இல்லவே இல்லயா?"

"இல்லேன்னு சொல்லமுடியாது. முயல்ல செஞ்ச ஆன்டிபாடி கெடச்சா தெரியும். யாராவது பார்ப்பாங்க."

"நீ?"

மறுநாள் முதல் வகுப்பு காலை எட்டு மணிக்கு. தவளையின் இதயம். ஜூடித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"பதிவ மறுபடி போட முடியுமான்னு திங்கக்கெழமை கேக்கணும்" என்றாள். "இப்ப தூங்கணும், ஓஸி."