மொட்டைமாடியில் ஓர் எண்ணெய்க் குளியல்

கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜனவரியில் என் மூக்கு ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. ஜாதவ்பூரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் இரக்கப்பட்டு, "கடுகெண்ணெய் தேய்ச்சுக்கிட்டு மாடி வெயில்ல உட்காரு, அப்புறம் குளி" என்று இந்தியில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இடுப்பில் துண்டோடு மாடிக்குப் போய், உச்சி முதல் பாதம்வரை தாராளமாகப் பூசிக்கொண்டேன். அந்த ஊரில் மீன் வறுப்பதும் இதே எண்ணெயில்தான். திடீரென்று அடித்த காற்றில் மாடிக் கதவு சாத்திக்கொண்டது. அதன் உருண்டைக் குமிழைத் திருகப் பார்த்தேன். எண்ணெய்க் கை வழுக்கியதே தவிர, குமிழ் அசையவில்லை. துண்டால் பிடித்துத் திருகியிருக்கலாம். ஆனால் இருந்தது ஒரே துண்டு, எதிர்மாடியிலோ ஆட்கள்.

அப்போது படியில் காலடி கேட்டது. வீட்டுக்காரரின் மனைவி, நாங்கள் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிறவர், வெயிலில் காயப்போட்ட பஞ்சுப் போர்வையைப் புரட்டிப்போட வந்துகொண்டிருந்தார். வெட்கம் தாங்காமல் அந்தப் போர்வைக்குள்ளேயே புகுந்துகொண்டேன். உள்ளே அப்படியொரு கதகதப்பு!

போர்வையைத் தூக்கியவர், "ஓ மா! கே ரே?" யாரடா அது என்று வங்காளத்தில் அலறினார்.

"நான்தான் காக்கிமா. சளிக்கு எண்ணெய்..."

போர்வையில் என் உருவம் கைகால்களோடு மஞ்சளாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதை இனி யார் போர்த்திக்குவா? நீயே வச்சுக்கோ!"

அன்று சாயங்காலம் என் அறைத்தோழன், திருநெல்வேலிக்காரன், உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"ஏல, யாருல மீன் வறுக்கது?" என்று ஆசையாக அடுப்படிக்கு ஓடினான். நான் போர்வைக்குள் மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தேன்.